கண்ணோட செல்

மூன்று மாதம் கண்ணும் கருத்துமாக வளர்த்த செல்கள். பிள்ளைப்பாக்கம் லேப்பில் விழித்திரை செல்களுக்கு நாங்களே மருந்து விட்டு அழற்சி உண்டாக்குவோம். பிறகு உள்ளே எந்தப் புரதம் கூடுகிறது, எது குறைகிறது என்று பார்ப்போம். அடித்துவிட்டு எங்கே வலிக்கிறது என்று கேட்கிற வேலைதான்.

புரதத்தை அளக்கும் மெஷின் ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் இருக்கிறது. அன்று பதினொரு மணிக்கு எங்கள் முறை. தவறினால் அடுத்த முறை இரண்டு மாதம் கழித்துதான். செல்களை வைத்து நான் கொண்டுபோன பெட்டியிலிருந்த உலர் பனிக்கட்டி மதியம்வரை தாங்காது. செல்கள் உருகினால் மூன்று மாத உழைப்பும் சாக்கடைக்கு.

பத்தே முக்காலுக்கு அந்தக் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி இருதயசாமி கையை நீட்டினார். வடக்குப்பட்டுக்காரர், முன்பு ஒரு கார் கம்பெனி கேட்டில் பத்து வருஷம் நின்று பழகியவர்.

"கைல செல்லு எதுனா கீதாம்மா?"

நான் கோவில்பட்டிக்காரி, சட்டென்று பொய் வராது. "பெட்டி நிறைய இருக்கு அண்ணாச்சி."

"பெட்டி நிறையவா! லாக்கர்ல வை."

"ஐயோ, இது கண்ணோட செல்லு!"

"கேமரா செல்லா? அது சுத்தமா உள்ள போவாது." செல்போன் கேமராவை மறைக்கிற சிவப்பு ஸ்டிக்கரை எடுத்துப் பெட்டி மூடியில் ஒட்டியேவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "பேசுற செல் இல்ல அண்ணாச்சி! மனுசக் கண்ணுக்குள்ள இருக்கிறது. சிம்மும் கிடையாது, சார்ஜரும் கிடையாது!" மூடியைத் திறந்து காட்டினேன். வெள்ளைப் புகை வந்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"மனுசக் கண்ணா? யாரோடதும்மா?"

"தெரியாது. செத்துப்போன ஒருத்தங்க தானமா குடுத்தது."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மூன்று மாதமாக 'டோனர் ஏழு' என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன், ஒருநாளும் ஓர் ஆளாக நினைத்ததில்லை. வெட்கமாக இருந்தது.

இருதயசாமி தொப்பியைக் கழற்றினார். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

"ஆளுன்னு மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

செல்போன்களைப் பதியும் நோட்டை மூடிவிட்டு, வருகிற ஆட்களைப் பதியும் நோட்டைத் திறந்தார். என் பெயருக்குக் கீழே 'கூட வந்தவர் ஒருவர்' என்று எழுதினார். கழுத்தில் மாட்டும் அட்டைகளில் ஒன்றை என்னிடம் கொடுத்தார். இன்னொன்றைப் பெட்டியின் கைப்பிடியில் கட்டினார். இரண்டிலும் 'பார்வையாளர்' என்று இருந்தது.

"ஓடும்மா. அவங்கள நிக்க வெக்காத."