கோடு கருக்கவில்லை

களம்பூர் அரிசி மில்லில் மூட்டை தூக்கும் கமலக்கண்ணனுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய ஐந்தாம் நாள், அவர் மனைவி முனியம்மா ஆரணிக்கு வந்து டாக்டர் பார்த்திபனின் பல் கிளினிக் கதவைக் காலால் தள்ளித் திறந்தாள். ஒரு கையில் ஸ்கேன் படம் இருந்த பெரிய உறை. இன்னொரு கையில் செருப்பு.

"எங்கய்யா அந்த டாக்டரு?"

காத்திருந்தவர்கள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார்கள். பார்த்திபன் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியபடி உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் உதவியாளர் சத்யப்ரியா கையில் ட்ரேயோடு நின்றாள்.

"பல்லு வலின்னு நடந்து வந்த மனுசன்யா. இன்னிக்கு வேலூர் ஆஸ்பத்திரில கழுத்த அறுத்து, குழாய் சொருவி, சீழ் எடுத்துகினு கீறாங்க. வாயத் தொறக்க முடியல. எச்சி முழுங்க முடியல. இன்னா பண்ண அவர?"

பார்த்திபன் குரலை உயர்த்தவில்லை. "உக்காருங்கம்மா. பாக்கு போடறவங்களுக்குப் புண்ணு ஆறாது. மாத்திரையும் ஒழுங்கா சாப்ட்டிருக்க மாட்டார். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"அந்த மனுசன் பொறந்ததுல இருந்து பாக்கு தொட்டதில்ல."

"வீட்டுல எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க."

காத்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். முனியம்மாவின் முகம் சுருங்கியது. செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டு சத்யப்ரியாவைப் பார்த்தாள்.

"நீ சொல்லு பொண்ணு. அன்னிக்கு நீதான பக்கத்துல நின்னுகினு இருந்த. எல்லாம் சரியா பண்ணாரா?"

பார்த்திபன் மெல்லத் திரும்பி சத்யப்ரியாவைப் பார்த்தார்.

"சரியாத்தான்க்கா பண்ணாரு" என்றாள் அவள்.

முனியம்மா போய்விட்டாள். அன்று மாலை சேவூருக்குப் போகும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, தான் சொன்ன அந்த வார்த்தைகள் வாய்க்குள்ளேயே கிடப்பதுபோல சத்யப்ரியாவுக்கு இருந்தது. துப்பவும் முடியவில்லை.

அவள் ஒன்றும் தெரியாதவள் இல்லை. வேலூரில் ஒரு வருடம் பல் மருத்துவ உதவியாளர் படிப்பு படித்தவள். இந்தக் கிளினிக்கில் ஆறு வருடமாக இருக்கிறாள். கருவிகளை அழுத்தமான கொதிநீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் மிஷின் அவள் பொறுப்பு. கருவிகளைப் பொட்டலமாகக் கட்டி, மேலே ஒரு டேப் ஒட்டி உள்ளே வைக்க வேண்டும். போதுமான சூடு ஏறியிருந்தால் டேப்பில் இருக்கும் வெளிறிய கோடுகள் கருப்பாகும். கருத்ததா இல்லையா என்று தினமும் ஒரு நோட்டில் எழுத வேண்டும்.

பங்குனியில் ஒருநாள் மிஷின் கதவின் ரப்பர் வளையம் பிளந்துகொண்டது. நாலு நாளில் உள்ளே சூடேற்றும் காயிலும் எரிந்துபோனது. 'கோடு கருக்கவில்லை' என்று எழுதிவிட்டு டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"ரிப்பேருக்கு ஆள் வருவான். அதுவரைக்கும் கழுவிட்டு ஸ்பிரிட்ல தொடச்சு வை."

ஆள் வரவில்லை. வாரம் ஒருமுறை நினைவுபடுத்தினாள். சித்திரை போனது, வைகாசி போனது, ஆனியும் போனது. கிளினிக்கில் இருந்தது மொத்தம் ஆறு செட் கருவி. ஞாயிற்றுக்கிழமையானால் முப்பது பேர் வருவார்கள். ஒருவர் வாயிலிருந்து எடுத்ததை அடுத்தவர் வாய்க்குள் வைப்பதற்கு நடுவில் குழாய்த் தண்ணீருக்கும் ஒரு பஞ்சுக்கும்தான் நேரம் இருந்தது. கையுறையைக் கழற்றாமல் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அடுத்தவரைப் பார்க்கவும் டாக்டர் பழகிக்கொண்டார்.

மனசு கேட்காமல் ஒருநாள் வீட்டிலிருந்து பெரிய பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். அவசரத்துக்கு அதில் வைத்து எடுக்கலாம் என்று படித்தபோது சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பார்த்திபன் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது கிளினிக்கா, டீக்கடையா? பேஷண்ட் பாத்தா என் மானம் போயிடும். எடுத்துட்டுப் போ."

அவருக்குப் புரியவில்லை, வேலை நெருக்கடியில் அலட்சியமாக இருக்கிறார், அவ்வளவுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொண்டதால்தான் தினமும் அங்கே போய் ட்ரே எடுத்துக் கொடுக்க முடிந்தது. கமலக்கண்ணனுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவருக்கு ஈறெல்லாம் சீழ். அதே இடுக்கியைத்தான் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். அதன் பற்களுக்கு நடுவே பஞ்சு நுழையாத இடம் இருந்தது. கை அங்கே ஒரு கணம் தயங்கியதுகூட அவளுக்கு நினைவிருந்தது.

அந்த வாரம் சனிக்கிழமை பார்த்திபனின் மகள் வந்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தாள். சத்யப்ரியா வழக்கம்போலத் துடைத்து வைத்திருந்த ட்ரேயைக் கொண்டுவந்து அருகில் வைத்தாள்.

பார்த்திபன் அதை ஒரு விரலால் ஒதுக்கித் தள்ளினார்.

"இது வேணாம்."

மேசையின் அடி இழுப்பறையைச் சாவி போட்டுத் திறந்தார். உள்ளே பிரிக்காத உறையில் புதுக் கருவிகள் இரண்டு செட் இருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்தார். தன் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, கையை முழங்கை வரை கழுவினார். புதுக் கையுறை மாட்டினார்.

"நீயும் கை கழுவிட்டு புதுசு போட்டுக்க சத்யா. எச்சி உறிஞ்சுற டியூபும் புதுசு எடு."

சத்யப்ரியா அசையவில்லை. ஆறு வருடத்தில் அவர் இவ்வளவு சுத்தமாகக் கை கழுவி அவள் பார்த்ததில்லை. ஒரு விரல் விடாமல், நகக்கண் விடாமல் கழுவினார். எல்லாம் தெரிந்திருக்கிறது. பாடப் புத்தகத்தில் இருந்தபடியே தெரிந்திருக்கிறது.

"இந்த ட்ரேக்கு இன்னா டாக்டர்?" என்றாள்.

"என்ன?"

"காலைல இருந்து பதினோரு பேருக்கு இதான வெச்சோம். இப்ப இது ஏன் வேணாம்?"

"சொன்னதச் செய். புள்ள வலியில இருக்கா."

"அவங்கல்லாம் வலியில வரல?"

அந்தப் பெண் நாற்காலியில் நிமிர்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா, என்னப்பா?" என்றாள். பார்த்திபனின் காது சிவந்தது.

"வெளிய போ சத்யா. அப்புறம் பேசிக்கலாம்."

"தெரிஞ்சே பண்ணியிருக்கீங்க" என்றாள் சத்யப்ரியா. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நாலு மாசமா நான் பைத்தியம் மாதிரி சொல்லிகினு கீறேன். உங்களுக்குத் தெரியலன்னு நெனச்சேன். ஊரான் வாய்க்கு ஒண்ணு, உங்க பொண்ணு வாய்க்கு ஒண்ணா?"

ட்ரேயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வரிசை நாற்காலிகளில் எட்டுப் பேர் இருந்தார்கள்.

"எல்லாரும் கேளுங்க. இங்க கருவி சுத்தம் பண்ற மிஷின் ஓடி நாலு மாசம் ஆவுது. இது காலைல இருந்து பதினோரு பேரு வாயில போய்ட்டு வந்தது. தண்ணில அலசி ஸ்பிரிட்ல தொடச்சதுதான். தொடச்சது நான்தான். டாக்டர் பொண்ணுக்கு மட்டும் உள்ள புதுசு பிரிச்சாச்சு. இஷ்டம் இருந்தா உக்காருங்க, இல்லன்னா எழுந்து போங்க."

கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் சட்டென்று எழுந்து போனாள். அவளைத் தொடர்ந்து இரண்டு பேர். மீதி ஐந்து பேர் நகரவில்லை.

"இன்னாமா, சம்பளத் தகராறா?" என்றார் வேட்டி கட்டிய ஒருவர்.

"இல்லீங்க. உங்க நல்லதுக்குத்தான்—"

"எனக்கு மூணு நாளா வலி உசுரு போவுது. வேற எங்க போறது? ஜல்தியா புடுங்கிகினு போனா போதும்."

அவள் அந்த மனிதரை அறைந்துவிடுவாள் போலிருந்தது. ட்ரேயை அவர் மடிக்கு நேராக நீட்டினாள். "அப்ப இத நல்லா பாருங்க. பாத்துட்டு வாயத் தொறங்க." வரவேற்பு மேசையில் அதை வைத்தாள். கையுறைகளை உரித்து அதன்மேல் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

வீட்டில் கணவன் ஜெயவேல் தறியில் இருந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டுக் கால் மிதிப்பதை நிறுத்தாமலே சொன்னான்:

"வேலைய விட்டுட்டேல்ல, அதோட வுடு. பெரிய எடம். நமக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

"போன மாசம் உங்களுக்கு அங்கதான பல்லு க்ளீன் பண்ணாங்க. அதே செட்டுதான். உங்களுக்குன்னு ரெண்டு தடவ தொடச்சேன். அவ்ளோதான் என்னால முடிஞ்சது."

தறி நின்றது. ஜெயவேல் அவளை வெகுநேரம் பார்த்தான். அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான்.

"அந்தம்மா புருசன் எந்த வார்டுல கீறாரு?"

வேலூர் ஆஸ்பத்திரி வராண்டாவில் முனியம்மா தரையில் அமர்ந்திருந்தாள். சத்யப்ரியா எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், பஞ்சு நுழையாத இடம் வரைக்கும். முனியம்மா முழுவதும் கேட்டாள். பிறகு ஓங்கி அறைந்தாள். வராண்டாவே திரும்பிப் பார்த்தது. ஜெயவேல் ஓர் அடி முன்னால் வந்து நின்றுவிட்டான்.

"அன்னிக்கு அத்தினி பேரு முன்னால கேட்டேனே. சரியா பண்ணாருன்னியே. பாவி, என்ன பொய்க்காரி ஆக்கி அனுப்புனியே!"

"ஆமாங்க்கா."

"இப்ப இன்னாத்துக்கு வந்த? மன்னிப்பு கேக்கவா?"

"இல்லக்கா. புகார் எழுதணும். நீங்க சொன்னா மட்டும் பாக்கு போட்டாருன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. நானும் கையெழுத்து போடறேன்."

முனியம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "எழுது" என்றாள்.

திங்கட்கிழமை சத்யப்ரியாவும் முனியம்மாவும் திருவண்ணாமலைக்குப் போய் மாவட்டச் சுகாதார அதிகாரியிடம் மனுக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அதிகாரிகள் ஆரணிக்கு ஆய்வுக்கு வந்தார்கள். சத்யப்ரியாவையும் அழைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் பார்த்தாள். பளபளவென்று புது ஆட்டோகிளேவ், ஒட்டியிருந்த தாள்கூட உரிக்காமல் மேசைமேல் இருந்தது. பக்கத்தில் இருபது செட் புதுக் கருவி, பொட்டலம் பொட்டலமாக. எல்லா டேப்பிலும் கோடு கருத்திருந்தது.

"வேலைய விட்டு அனுப்பின கோவத்துல பேசுது மேடம்" என்றார் பார்த்திபன், அதிகாரியிடம். "நம்ம கிளினிக்ல எப்பவும் இப்படித்தான்."

வந்த அதிகாரி நடுவயதுப் பெண்மணி. அதிகம் பேசாதவர். "தினப் பதிவேடு இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

பார்த்திபன் விழித்தார். அப்படி ஒரு நோட்டு இருப்பதே அவருக்குத் தெரியாது. சத்யப்ரியா கை கழுவும் தொட்டிக்குக் கீழிருந்த அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். பங்குனி கடைசியிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரே வரி. கோடு கருக்கவில்லை. கோடு கருக்கவில்லை. டாக்டரிடம் சொன்னேன். கோடு கருக்கவில்லை. அதிகாரி அதை மூடித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றே கிளினிக்கைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். அந்த நாலு மாதத்தில் சிகிச்சைக்கு வந்த அத்தனை பேரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அறிவித்தார்கள். மஞ்சள் காமாலைக் கிருமியெல்லாம் இப்படிப் பரவக்கூடும் என்றார் அதிகாரி. பேர்களும் எண்களும் நிறைய. நானே கூப்பிட்டுச் சொல்கிறேன் என்று சத்யப்ரியா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பத்து நாள் தொடர்ந்து கூப்பிட்டாள். கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். "நீதான வாயில வெச்ச?" என்றார்கள். சந்தவாசலிலிருந்து ஒரு பெண், ஐந்து மாதக் கர்ப்பிணி, அழுதுகொண்டே இருந்தாள். சத்யப்ரியா யாருக்கும் மறுத்துப் பேசவில்லை. ஒவ்வொரு முறை இணைப்பு துண்டிக்கப்பட்டதும் பார்த்திபன் நகக்கண்ணைத் தேய்த்துக் கழுவியதுதான் கண்ணில் நின்றது. உடனே அடுத்த எண்ணை அழுத்தினாள்.

மூவருக்கு அந்த மஞ்சள் காமாலைக் கிருமி இருந்தது. அது கிளினிக்கில் வந்ததா, முன்பே இருந்ததா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கமலக்கண்ணன் மூன்று வாரம் கழித்து வீடு திரும்பினார். வாய் இரண்டு விரல் அகலத்துக்குமேல் திறக்கவில்லை. சோற்றைக் கரைத்துக் குடித்தார். மூட்டை தூக்க முடியாமல் மில் வாசலில் லாரி எண் குறிக்கும் வேலைக்கு மாறினார். சத்யப்ரியா பார்க்கப் போனபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முனியம்மா மட்டும் தண்ணீர் கொடுத்தாள்.

ஆரணியில் வேறு எந்தப் பல் டாக்டரும் அவளை வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. சென்னையில் பல் மருத்துவக் கவுன்சிலின் விசாரணை நடந்தபோது முனியம்மாவும் ஜெயவேலும் கூட வந்தார்கள். பார்த்திபனின் வக்கீல் நெடுநேரம் கேள்வி கேட்டார். கடைசியாகக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அமைதியாகக் கேட்டார்.

"நாலு மாதமும் சுத்தமில்லாத கருவியை எடுத்துக் கொடுத்தது நீங்கள்தானே அம்மா? டாக்டர் கையைப் பிடித்துத் தடுத்தீர்களா? யாருக்காவது சொன்னீர்களா?"

"கொடுத்தது நான்தாங்க" என்றாள் சத்யப்ரியா. "தடுக்கல. ஊருக்குச் சொல்லல. கேட்ட அக்காகிட்ட பொய் சொன்னேன். அதையும் சேத்து எழுதிக்குங்க. எனக்கு இன்னா தண்டனையோ குடுங்க. ஆனா எனக்குக் குடுக்கறதால அவருக்கு ஒரு நாள்கூட கொறையக் கூடாது."

விசாரணைக் குழுவின் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்திபன் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் முனியம்மா எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

இரண்டு வருடத்துக்குப் பார்த்திபன் மருத்துவம் பார்க்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. சத்யப்ரியாவுக்குக் கண்டனக் கடிதம் ஒன்று. செய்தியைக் கேட்டதும் முனியம்மா களம்பூரிலிருந்து கூப்பிட்டாள்.

"ரெண்டு வருசம்தானாடி?" என்றாள். "எம் புருசன் வாய் எப்பத் தொறக்கும்னு எந்த உத்தரவுல எழுதியிருக்காங்க?"

"மேல்முறையீடு பண்ணலாம்க்கா."

"பண்ணு. நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வர்றேன்."