காலியாகப் போன இடம்

தீவு நாட்டின் தலைநகரான போர்ட் விலாவின் விமான நிலையத்தில் உள்நாட்டுப் பயணிகளை மூட்டையோடு எடை பார்த்து அனுப்புவது லெய்மாராவின் வேலை. வடக்கே வேறு தீவிலிருக்கும் லுகன்வில் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், "இருநூத்தி எழுபத்தஞ்சு கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள இறங்கிருவீங்க" என்று சிரிப்பாள். அவள் மட்டும் ஒன்பது வருடமாக அந்த ஊர்ப் பக்கம் போகவில்லை.

அங்கேதான் அவள் தம்பி கல்சாவ் இருந்தான். மலேகுலாத் தீவுக்காரி எஸ்லினை அவன் கட்டிக்கொண்டபோது, "நம்ம தீவுல பொண்ணே இல்லையா?" என்று சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டாள். கோபம் ஒரே வருடத்தில் ஆறியது. போய் முகத்தைக் காட்டத்தான் வெட்கமாக இருந்தது. கல்சாவ் கிறிஸ்துமஸ் தவறாமல் போன் செய்வான்.

"என்னக்கா, உன் பிளேன் எல்லாம் எங்க கூரை மேலதான் பறக்குது. ஒண்ணுலயாவது ஏறி வாயேன்."

"அடுத்த மாசம் வர்றேண்டா."

ஒரு வெள்ளிக்கிழமை காலை எஸ்லின் பேசினாள். "மதினி, அவருக்குக் கிட்னி போயிருச்சு. ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. உங்களத்தான் கேக்குறாரு. இன்னைக்கே வாங்க."

மதிய விமானத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. "நான் பாத்துக்கறேன், நீ கிளம்பு" என்றான் கூட வேலை பார்க்கும் ஹென்ரி.

"ஒன்பது வருஷம் கழிச்சு வெறுங்கையோடயா போறது? நம்ம முறைப்படி குடுக்க நாளைக்குச் சந்தையில நல்ல பாய் ஒண்ணு வாங்கிட்டுப் போறேன்."

"தம்பியப் பாக்கப் போறியா, பாயக் காட்டப் போறியா?"

"நாளைக்கும் பிளேன் இருக்கு. ஐம்பது நிமிஷம்தானே."

சனிக்கிழமை சிவப்புச் சாயம் ஏற்றிய தாழம்பாயைச் சுருட்டிக்கொண்டு அவள் வருவதற்குள் புயல் எச்சரிக்கை வந்து, விமானங்களை நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் காற்று அடித்து ஓய்ந்தது. போனும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை புறப்பட்ட முதல் கப்பலில் ஏறினாள். ஒரு பகலும் ஒரு இரவும் மேல்தளத்தில் பாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தம்பி வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தது. கீழே பெண்கள் உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. எஸ்லின் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஞாயித்துக்கிழமையே போயிட்டாரு மதினி. திங்கக்கிழமை புதைச்சோம். பக்கத்து வீட்டுக்காரங்க குடுத்த பாயிலதான் சுத்தினோம்."

லெய்மாரா கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். "என்னப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம் பிளேன் சத்தம் கேட்டுச்சு. அக்கா வந்துட்டா, வேற சட்டை போட்டு விடுன்னாரு. போட்டு விட்டேன். பொழுது சாயற வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தாரு."

லெய்மாரா கீழே வைத்த பாயைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். பிறகு சொன்னாள்: "அதுல இடம் இருந்துச்சு எஸ்லின். நான்தான் ஏறல."

எஸ்லின் அவள் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு கூடை வள்ளிக்கிழங்கு இருந்தது.

"பத்தாம் நாள் சாப்பாடு வரைக்கும் இருங்க. கிழங்கு துருவ ஆள் பத்தல" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

லெய்மாரா கூடையை வாங்கிக்கொண்டு பெண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். அவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அன்று முழுக்க யாரும் அவளோடு பேசவில்லை.