கம்பளி போர்த்திய பாத்தி

குருவம்மாளின் பாத்தியில் கொழுந்து விட்டிருந்தது. மார்கழி பிறக்கப்போகிறது, நர்சரியில் மற்ற பாத்திகளெல்லாம் கறுத்துத் தடித்து, உம்மென்று கிடக்க, இவளுடைய தேயிலைக் கன்றுகள் மட்டும் ஆடி மாதத்துச் செடிகளைப் போல இளம்பச்சையில் மினுக்கின. கூடையும் கையுமாக மேட்டுக்குப் போன பெண்கள் நின்று பார்த்து, கைராசிக்காரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்கக் கேட்க அவள் தலையைக் குனிந்துகொண்டு களை பிடுங்கினாள்.

கைராசியாம், மண்ணாங்கட்டி! எல்லாம் திருட்டுத் தண்ணீர். இலையை உதிர்த்துவிட்டு வெறுங்குச்சியாய் நின்று குளிரைக் கடத்துகிற சாதி இல்லை தேயிலை. பச்சை மாறாமல் பனியில் நிற்க வேண்டும், அதற்கு முன்கூட்டியே பழக வேண்டும். அதனால்தான் ஐப்பசி முடிந்ததும் கன்றுகளுக்குத் தண்ணீரைக் குறைத்து, நிழலுக்குப் போட்ட பெரணித் தழையைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிவிடுவார்கள். செடி துளிர் விடுவதை நிறுத்திக்கொண்டு, இருக்கிற இலையைத் தோல் போல ஆக்கிக்கொள்ளும். எஸ்டேட்டில் பிறந்த குருவம்மாளுக்கு இது தெரியாதா என்ன? தெரியும். ஆனால் உச்சிவெயிலில் கன்றுகள் தலை தொங்கியதைப் பார்த்தபோது அவளுக்கு மனசு கேட்கவில்லை. கங்காணி சாப்பிடப் போகிற நேரம் பார்த்து ஊற்றினாள். ஒருநாள் ஊற்றியவள் மறுநாளும் ஊற்றினாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கூடைச் சுமையோடு மலைச்சரிவில் ஏறி இறங்கியே இரண்டு கரு கலைந்துபோனவள். இது மூன்றாவது. ஆஸ்பத்திரி அம்மா சொல்லித்தான் நர்சரியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. அதிலும் கங்காணி ஒரு கொக்கி போட்டிருந்தார். பனியில் எவள் பாத்தி கருகுகிறதோ, அவள் மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போக வேண்டியதுதான். எமர்ஜென்சி வந்த வருஷம் அது. எதிர்த்துக் கேட்க யூனியன்காரர்களே வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் பக்கத்துப் பாத்திக்காரி பிலோமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள். குருவம்மாளோடு ஒரே வருஷம் பேர் பதிந்தவள், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"ஏட்டி, ஒம் பாத்தி என்ன, கல்யாணப் பொண்ணு கணக்கா தளதளன்னு நிக்கி? தண்ணி விட்டியா?"

"இல்லையே."

"ம். காத்து நின்னுபோச்சு பாத்தியா? வானம் தொடச்சு வச்சாப்புல கெடக்கு. விடியக்குள்ள பனி வெள்ளையா விழுந்துரும்."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். குருவம்மாளுக்குத்தான் ஒரு இடத்தில் கால் தரிக்கவில்லை. உருவிப் போட்ட தழையைத் தேடிக் குப்பைக்குழிக்கு ஓடினாள். அது மக்கிக் குழைந்திருந்தது. மாட்டுப்பட்டிக்கு ஓடினாள், அங்கே கொண்டுபோய்ப் போட்ட தழைமேல் மாடுகள் படுத்திருந்தன. இளங்கொழுந்தை எல்லாம் கிள்ளி எறிந்துவிடலாமா என்று பாத்தியோரம் குந்தினாள். இரண்டு மூன்று கிள்ளியதும் விரல் ஓடவில்லை. எழுந்து லயத்து வீட்டுக்கு நடந்தாள், பாதி வழியில் திரும்பினாள், மறுபடி நடந்தாள்.

அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டிருந்த அவள் புருஷன் சந்தனம் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் கொடியில் கிடந்த கம்பளியை உருவினாள். கம்பெனி கொடுத்த கறுப்புக் கம்பளி. ஆளுக்கு ஒன்று.

"ஏபிள்ள, அத எங்க தூக்குத?"

"பாத்திக்கு."

"கிறுக்கு புடிச்சிருக்கா? வயித்துப்பிள்ளையோட எதப் போத்திட்டுப் படுப்ப?"

"நான்தான் களவாத் தண்ணி விட்டேன். அது கருகுச்சுன்னா என்னைய மலைக்கு ஏத்திருவாவ. மலைக்குப் போனா இதுவும் தங்காதுங்க."

சந்தனம் அவளைத் திட்டுவான் என்றுதான் நினைத்தாள். அவன் எழுந்தான், தன்னுடைய கம்பளியையும் எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் இறங்கினான். மேல்வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. பாத்தியைச் சுற்றி மூங்கில் குச்சிகளை ஊன்றி மேலே விரித்தார்கள். எப்படி இழுத்தாலும் இரண்டு கம்பளியும் பாத்தியில் பாதிக்குத்தான் வந்தன. மீதிப் பாதியைப் பார்த்துக்கொண்டு இருவரும் நின்றார்கள். பிறகு வந்து சாக்கைப் போர்த்திக்கொண்டு அடுப்பை ஒட்டிப் படுத்தார்கள். அவள் எங்கே தூங்கினாள்! ஒரு கை வயிற்றின்மேல், ஒரு காது வெளியே. பனி விழுந்தால் சத்தம் கேட்குமா என்ன?

கிழக்கு வெளுத்ததும் எழுந்து ஓடினாள். புல்லெல்லாம் உப்பைக் கொட்டியது போல வெள்ளையாகக் கிடந்தது. மிதித்த இடமெல்லாம் நொறுங்கியது. போர்த்தாத பாதியில் ஒவ்வொரு கொழுந்தும் வெள்ளையாய் விறைத்து நின்றது. பக்கத்துப் பாத்தியில் பிலோமியின் கன்றுகளும் வெள்ளையாகத்தான் இருந்தன. ஆனால் அந்த முற்றிய இலைகள் குவிந்து ஒட்டிக்கொண்டு, எதற்கும் அசையாத கிழவிகள் போல இருந்தன. இரண்டு பாத்திக்கும் நடுவே பிலோமி நின்றாள். கையில் பூவாளி, நிறையத் தண்ணீர்.

குருவம்மாள் அவள் பக்கத்தில் போய் நின்றாள். "நான்தான் தண்ணி விட்டேன், பிலோமி."

"தெரியும். இப்பவும் விடு." பூவாளியை அவள் கையில் திணித்தாள். "வெயில் அடிச்சாத்தான் கருகும். அதுக்கு முன்னால பனியக் கழுவி விட்டுரு. நிக்காத, ஊத்து!"

குருவம்மாள் ஊற்றினாள். இத்தனை நாளும் ஒளித்து ஊற்றியவள் இப்போது பிலோமி பார்க்க ஊற்றினாள். பூவாளி காலியானதும் பிலோமி வாங்கிக்கொண்டு ஓடைக்கு ஓடினாள். மேலே, ஆட்களைப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் கங்காணியின் விசில் கேட்டது. காந்தலூர்ப் பக்கத்து மலைமேல் விழுந்த வெயில், பாறையைத் தாண்டி, சரிவில் வரிசை வரிசையாக இறங்கி வந்துகொண்டிருந்தது. நனைத்தது போக இன்னும் நாலு வரிசை வெள்ளையாகவே இருந்தது. கம்பளி இரண்டும் பலகை போல விறைத்துக் கிடந்தன. அவற்றை இன்னும் யாரும் தூக்கிப் பார்க்கவில்லை.