ஓஹாஜ் பாயின் மழைச் சேதி

ஐப்பசி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை மணிக்கு ராயப்பேட்டையில் ஜமீலுன்னிசாவின் வீட்டு மாடியில் குடியிருந்த ஓஹாஜ் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயர்ந்தார். அன்று தக்காளி கிலோ நாற்பது ரூபாய், சின்ன வெங்காயம் எழுபது. வேலைக்குக் கிளம்பியவர் நடந்தபோது செருப்பு மட்டும் கூட வரவில்லை, அதை வைத்துத்தான் அவருக்கே விஷயம் தெரிந்தது. துணி உலர்த்த வந்த ஜமீலுன்னிசா, "இன்னா பாய், எதுக்கு எக்கிக்கினு கீறீங்க?" என்றார். பிறகு குனிந்து பாதத்துக்கு அடியில் பார்த்து, "அய்ய, எக்கவே இல்ல" என்று திருத்திக்கொண்டு, மழை வருவதற்குள் வெயிலைப் பிடிக்க வேண்டுமே என்று துணியைப் போடப் போய்விட்டார்.

ஓஹாஜ் பெஜா இனத்தவர். சூடான் நாட்டில் செங்கடலை ஒட்டிய மலைகளில் ஒட்டகமும் ஆடும் மேய்த்து வாழ்கிற ஜனம். நல்ல உயரம். தலைமுடி கூடைபோல நிற்கும், அதில் மரச்சீப்பு ஒன்று எந்நேரமும் குத்தியிருக்கும். தகப்பனாரின் இதய அறுவைச் சிகிச்சைக்காகச் சென்னை வந்தார். தகப்பனார் நெஞ்சைச் சரிசெய்துகொண்டு, இரண்டு பாட்டில் ஆவக்காயுடன் ஊர் போய்ச் சேர்ந்தார். மகன் இங்கேயே தங்கி, வைத்தியத்துக்கு வரும் அரபு நாட்டுக்காரர்களுக்கு ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். தமிழை ராயப்பேட்டை மார்க்கெட்டில் கற்றதால், நோயாளிகளின் சார்பாகப் பெரிய பெரிய டாக்டர்களிடம், "நெஞ்சாண்ட இஸ்த்துக்கினு கீதாம் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர்களுக்கு அது நன்றாகவே புரிந்தது.

பெஜாக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இருவர் வழியில் சந்தித்தால் "தபாய்வா" என்று நலம் விசாரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கேட்க உட்கார்ந்தவர் முதலில் தன் சேதியைச் சொல்ல வேண்டும், பிறகு மற்றவர். மழை எங்கே பெய்தது, மேகம் எந்தப் பக்கம் போனது என்று தொடங்கி, புல், கிணறு, கால்நடை, மனிதர்கள், நோய்நொடி, பிறப்பு இறப்பு என்று ஒன்று விடாமல் சொல்லி, கடைசியில்தான் தன் வீட்டுக்கு வர வேண்டும். இதற்கு சகனாப் என்று பெயர். அதில் பொய் சொன்னவனுக்கு அப்புறம் அந்த மலையில் மரியாதை கிடையாது, ஏனென்றால் அவன் சொன்ன மேகத்தை நம்பி யாராவது ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள். கேட்காமல் சொல்வதும் தப்பு. போனில் பேசுவது இந்தக் கணக்கிலேயே சேராது, முகத்துக்கு முகம் உட்கார வேண்டும்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான், வந்த புதிதில், ஆட்டோக்காரர் கபாலி சும்மா இருக்க முடியாமல், "இன்னா நைனா விசேஷம்?" என்று கேட்டுவிட்டார். ஓஹாஜ் கண்கலங்கிப்போனார். அந்நிய ஊரில் கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டார்! ஆட்டோவை ஓரங்கட்டச் சொல்லி, அரைகுறைத் தமிழில், செங்கடலுக்கு மேல் கடைசியாகப் பார்த்த மேகத்தில் ஆரம்பித்து ஒன்றே முக்கால் மணி நேரம் சொன்னார். கபாலி இரண்டு டீ குடித்தார், ஒரு சவாரியை விட்டார். பிறகு ஸ்டாண்டில் போய், "அந்தக் குடுமி பாய்கிட்ட விசேஷம் மட்டும் கேட்ராதீங்கப்பா" என்று எச்சரிக்கை செய்தார். அன்றிலிருந்து ராயப்பேட்டை முழுக்க ஓஹாஜைக் கண்டால் அன்பாகச் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போகப் பழகிக்கொண்டது.

கேட்பாரில்லாத சேதி சும்மா கிடக்காது. தமிழ் வருஷப் பிறப்புக்கு மறுநாள் அவர் நாட்டில் சண்டை மூண்டது, அந்த வருஷம் முழுக்க வந்ததெல்லாம் கெட்ட சேதி. ஓஹாஜின் பாதம் மாடியின் மொசைக் தரைக்குள் நான்கு விரற்கடை இறங்கியது. கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தக் குழிகள் இன்றும் இருக்கின்றன, ஜமீலுன்னிசா அவற்றில் பூந்தொட்டி வைத்திருக்கிறார். சூடானின் கசாலா நகரத்திலிருந்து கண்புரைக்கு வைத்தியம் பார்க்க வந்த பெஜாப் பெரியவர் ஒருவர் இரண்டு நாள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு, இருவரும் வாய்விட்டு அழுது முடித்த பிறகுதான் கால் வெளியே வந்தது. அந்தப் பெரியவர் கண் தெளிந்து ஊருக்குப் போய்விட்டார்.

இந்த முறை வந்தது நல்ல சேதி. ஓஹாஜ் இடையில் இரண்டு மாதம் ஊருக்குப் போய் வந்திருந்தார். அதன் பலனாக மனைவி ஹலீமாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றைக்கே, மூன்று வருஷமாக முகம் காட்டாத மழை மலையில் கொட்டியது. வறண்ட கிணறு நிறைந்தது. சண்டையில் காணாமல்போன ஒட்டகம், எங்கிருந்தோ ஒரு கன்றுடன், தானாக வீட்டு வாசலில் வந்து நின்றது. ஹலீமா இவ்வளவையும் போனில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். ஓஹாஜுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சொல்வதற்கு மட்டும் ஒருவரும் இல்லை. கெட்ட சேதி அமுக்கும், நல்ல சேதி தூக்கும், அவ்வளவுதான் விஷயம்.

ஜமீலுன்னிசா நல்ல மனசுக்காரர். தானே கேட்கிறேன் என்று எதிரில் உட்கார்ந்தார். முறைப்படி தன் சேதியை முதலில் சொன்னார். மழை, மார்க்கெட், மருமகள் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. உடம்புக்கு வந்தபோது, "சர்க்கரை கன்ட்ரோல்ல கீது பாய்" என்றார். அன்று காலையில்தான் அரைக் கிலோ தம்ரூட் அல்வாவை முடித்திருந்தார். ஓஹாஜ் சரேலென்று எழும்ப, சீலிங் ஃபேனில் சீப்பு தட்டியது. அப்புறம்தான் தெரிந்தது, எதிராளி பொய் சொன்னால் சேதி இன்னும் இறுகிக்கொள்கிறது, அவரும் ஒரு சாண் மேலே போகிறார் என்று. சென்னையில் யாரைக் கேட்டாலும் முதலில் வருவது, "நல்லா கீறேன், ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்பதுதான். கார்த்திகை பிறப்பதற்குள் ஓஹாஜ் ஜன்னல் உயரத்தில் இருந்தார். கல்யாணம் பேச வந்த இரண்டு குடும்பங்கள் அவரை நடுவில் வைத்துப் பேச முடியுமா என்று கேட்டுப் பார்த்தன. மாப்பிள்ளை வீட்டார் பிறகு வரவில்லை.

சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் கார்த்திகை பன்னிரண்டாம் தேதிக்கு ஜித்தா வழியாக ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தது. மகளை அவர் இன்னும் கையில் வாங்கவில்லை. விமானத்தில் ஏறிவிட்டால் பெல்ட் போட்டு உட்கார்ந்துவிடலாம், அதற்கு முன் மூன்று வரிசையில் நிற்க வேண்டுமே, நிற்பதற்குத் தரை வேண்டாமா? போதாக்குறைக்கு வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி, வாடைக்காற்று வீச ஆரம்பித்தது. அறையில் தலை இடிக்கவே, ஜமீலுன்னிசா அவரை மொட்டை மாடிக்குக் கொண்டுவந்து இடுப்பில் துணிக்கொடியைக் கட்டி மறுமுனையைத் தண்ணீர்த் தொட்டியில் முடிந்தார். ஓஹாஜ் காற்றில் ஆடிக்கொண்டே, "அக்கா, பாப்பாவைப் பாக்காமயே பூடுவேனா?" என்று கேட்டார். ஜமீலுன்னிசா, "இன்னா பேச்சு இது" என்று இன்னொரு முடிச்சுப் போட்டார்.

வழி கண்டுபிடித்தது கபாலிதான். அவருக்கு மயிலாப்பூரில் ஒரு வாடிக்கை உண்டு. கிழக்கு மாட வீதி ஸ்ரீனிவாசராகவன், பொதுப்பணித் துறையில் ஏரி நிர்வாகம் பார்த்து ஓய்வு பெற்றவர். லஸ் முனையில் ஏறினால் எழும்பூர் போய்ச் சேரும்வரை பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நீர்மட்டம் சொல்லிக்கொண்டே வருவார். வீட்டில் அவர் மனைவி ஹம்சா டிவி சத்தத்தைக் கூட்டுவதோடு சரி. சொல்லாமல் இருக்க முடியாதவர் ஒருவர், கேட்க ஆளில்லாதவர் ஒருவர், ஜாடிக்கேற்ற மூடி ரெண்டும் நம்ம வண்டியிலேயே ஏறி இறங்கியிருக்கிறதே என்று கபாலி தலையில் அடித்துக்கொண்டார். பதினோராம் தேதி பிற்பகல், கொட்டும் மழையில், அவரை மாடிக்கே அழைத்து வந்துவிட்டார்.

தரைக்கு ஆறடி மேலே மிதந்தவரை ஸ்ரீனிவாசராகவன் நிமிர்ந்து பார்த்தார். ஓஹாஜ் முறைப்படி, "தபாய்வா. சாமி, மழை எங்கங்க கீது?" என்றார். முப்பது வருஷமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர் வேறு என்ன செய்வார்?

"எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்?"

"மேகத்துலேந்து."

மழை சற்று விட்டதும் ஜமீலுன்னிசா நாற்காலி போட்டார். ஓஹாஜ் சொன்னபடி, ஜபனா என்கிற கழுத்து நீண்ட மண்குடுவையில் இஞ்சி தட்டிப்போட்டுக் காபி இறக்கினார். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில்தான் குடிக்க வேண்டும் என்றார் ஓஹாஜ். அந்தச் சின்னக் கிண்ணத்தையும் உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார் ஸ்ரீனிவாசராகவன். அப்படியே தாழ்வு மண்டலத்தின் நகர்வு, நுங்கம்பாக்கத்தில் எட்டு சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் ஆறு, செம்பரம்பாக்கம் இருபத்துநாலு அடிக்கு இருபத்தொன்றரை என்று எல்லாம் சொன்னார். இந்தக் காற்று கயிற்றை அறுத்தால் ஓஹாஜை முதலில் தாம்பரம் பக்கம் கொண்டுபோகும், சூடான் பக்கம் போக வாய்ப்புக் குறைவு என்றும் கணக்குப் போட்டுச் சொன்னார். ஓஹாஜ் விரற்கடை விரற்கடையாக இறங்கிக்கொண்டே வந்தார். உங்கள் ஊரில் மழை எப்போது என்று ஸ்ரீனிவாசராகவன் இடையில் கேட்டு, மலையின் கடல்பக்கச் சரிவில் ஐப்பசி முதல் மார்கழி வரைதான் என்று பதில் வந்ததும், "அடடே, நம்ம கட்சி!" என்று தொடையில் தட்டினார்.

இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு விஷயத்துக்கு வந்தார். "ஆம்படையாளுக்கு முட்டிவலி, மத்தபடி சௌக்கியம். பையன் ஸ்ரீவத்சன் அமெரிக்காவுல இருக்கான். வாராவாரம் பேசுவான்."

ஓஹாஜ் விர்ரென்று மேலே போனார். கொடிக்கயிறு விறைத்தது, ஒரு முடிச்சு பட்டென்று விட்டது. ஜமீலுன்னிசா அவர் காலைப் பிடித்துத் தொங்கினார், கபாலி ஜமீலுன்னிசாவின் துப்பட்டாவைப் பிடித்தார். "சாமி, நாளைக்கு அவுரு பொண்ணைப் பாக்கப் போவணும். உண்மைய சொல்லிடு சாமி!" என்று கத்தினார் கபாலி.

ஸ்ரீனிவாசராகவன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அவன் பேசி ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார். "ஏரி நிலவரம் சொல்றதுக்குத்தான் போன் பண்றேளான்னு கேட்டான். கட் பண்ணிட்டான். நானும் அப்புறம் கூப்பிடலை. எனக்கு வேற என்ன சொல்லத் தெரியும், சொல்லுங்கோ? அவன்கிட்ட பேசணும்னுதான் ஏரியையே பாத்துண்டிருந்தேன்." சொல்லிவிட்டு அழுதார். ஓஹாஜ் இறங்கி அவர் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார், பாதம் மட்டும் தரையைத் தொடாமல் இருந்தது.

"இப்ப நீங்க சொல்லுங்கோ" என்றார் ஸ்ரீனிவாசராகவன். "முழுசா சொல்லணும். உங்க மலையில எத்தனை சென்டிமீட்டர்?"

ஓஹாஜ் சொன்னார். மழை, புல், கிணறு, ஒட்டகம், கன்று, ஹலீமா, கடைசியில் மகள். மகளின் கை விரல் எவ்வளவு நீளம் என்று ஹலீமா சொன்னதைக்கூட விடவில்லை. மாலை விளக்கேற்றும் நேரத்தில் அவருடைய இரண்டு குதிகாலும் தரையில் பட்ட சத்தம் கீழ்வீடு வரை கேட்டது. மறுநாள் மூன்று வரிசையிலும் ஒழுங்காக நின்று விமானம் ஏறினார். நாலாம் நாள் குழந்தையை மார்பில் சாய்த்துக்கொண்ட படம் ஜமீலுன்னிசாவின் போனுக்கு வந்தது. பின்னால் ஒட்டகமும் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது.

சேதி கேட்டவர் அதை அடுத்தவருக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதும் வழக்கத்தில் ஒரு பகுதி. அதை ஸ்ரீனிவாசராகவனுக்கு யாரும் சொல்லவில்லை. கபாலியின் ஆட்டோவிலிருந்து இறங்கியவர், மழைநீர் தேங்கிய கிழக்கு மாட வீதியைக் கால் நனையாமல் கடந்து, ஒரு சாண் உயரத்தில் வீட்டுக்குள் நுழைந்தார். ஹம்சா பார்த்தார். டிவியை நிறுத்தினார். "என்ன ஆச்சு? உக்காந்து சொல்லுங்கோ" என்றார். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் அப்படி அவர் கேட்டது மூன்றாவது தடவை. முதலில் தன் முட்டிவலி நிலவரத்தை உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் கணவர் இறங்கினார், ஹம்சா உயர்ந்தார். முட்டிவலிக்கு அது நல்லதாகவே இருந்தது.

அக்கம்பக்கத்தில் எத்தனையோ பேர் கேட்க வந்தார்கள். ஹம்சா ஒருவருக்கும் சொல்லவில்லை. "என் பிள்ளை நேர்ல வந்து கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மார்கழி முழுக்க ஒரு சாண் உயரத்திலேயே புழங்கினார். பரண்மேல் இருந்த பாத்திரமெல்லாம் சுலபமாக இறங்கியது. அம்மா போனில் வரச் சொல்லிக் கூப்பிட்டதும், தை மாதம் ஸ்ரீவத்சன் வந்தான். வாசலில் பெட்டியோடு நின்று, தரையில் படாத அம்மாவின் காலையும், கதவோரம் நின்ற அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். முதலில் பேச வேண்டியவர் யார் என்பது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.

"நீ இல்லாம எனக்குத் தூக்கமே இல்லைடா" என்றார் ஸ்ரீனிவாசராகவன். "இப்ப சொல்லு, உங்க ஊர்ல மழை எப்படி?"

ஸ்ரீவத்சன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் எதிரில் உட்கார்ந்தான். மேகத்திலிருந்து ஆரம்பித்தான். இரண்டு வருஷத்து மழை, முடிய மறுநாள் மத்தியானமாயிற்று. பிறகு ஹம்சா சொன்னார், இறங்கினார், சமையலுக்குப் போனார். விடுமுறை முடிந்து ஸ்ரீவத்சன் கிளம்பியபோது தரையிலிருந்து மூன்று விரற்கடை மேலே இருந்தான். கபாலி அவனை ஆட்டோவுக்குள் இழுத்து உட்கார வைத்து, "பிளேன்ல பெல்ட்டை நல்லா இறுக்கிப் போட்டுக்கோ தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு மீனம்பாக்கத்துக்கு வண்டியை விட்டார்.