‘ஸி’ போட்ட பாதி

குளிர் கிடங்கின் கதவுக் கைப்பிடியில் ஒரு கையுறை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று பொருள். இந்தச் சட்டத்தைக் கம்பெனி போடவில்லை. உள்ளே போய் வருகிறவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்டது. கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். உள்ளே மாட்டிக்கொண்டவன் அழுத்தி வெளியே மணியடிப்பதற்கென்று சுவரில் ஒரு சிவப்பு பட்டன் உண்டு. அது செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் ஆளுக்கொரு பழைய கையுறையை இடுப்பில் செருகி வைத்திருப்பார்கள். போகும்போது மாட்டு, வரும்போது எடு. நாளாக நாளாக அந்தப் பழக்கத்தின் மேல் நம்பிக்கை முற்றிப்போய், கதவைச் சாத்துமுன் உள்ளே எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். கையுறை இல்லையா, ஆள் இல்லை.

அவள் புருஷன் உள்ளே இருந்த அன்று கைப்பிடி வெறுமையாக இருந்தது. சூப்பர்வைசர் கைப்பிடியைப் பார்த்தான், கதவைச் சாத்தினான், வீட்டுக்குப் போனான். காலையில் திறந்தபோது மீன் பெட்டிகளுக்கு நடுவே அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படியேதான் தூக்கி வந்தார்கள். காலை நீட்ட முடியவில்லை.

முதல் விசாரணையில் கம்பெனி வக்கீல் சொன்னது ஒன்றுதான்: இறந்தவரின் கவனக்குறைவு. அவள் எழுந்து மூச்சு வாங்கும் வரை பேசினாள். பட்டனைச் சொன்னாள், புருஷனின் நிதானத்தைச் சொன்னாள். மொழிபெயர்க்க வந்தவன் கம்பெனி ஆபீஸ்காரன். அவன் அத்தனையையும் கேட்டுவிட்டு, விசாரணை நடத்திய அதிகாரியம்மாவிடம் ஒரே வரியில் முடித்தான். அடுக்குமாடிப் படிக்கட்டு துடைக்கிற அவளுக்கும் வாளி, துடைப்பம், சம்பளம் என்ற அளவுக்குப் பிரெஞ்சு தெரியும். அவன் சொன்ன வரி அவளுக்குப் புரிந்துவிட்டது. ‘கணவர் நல்லவர் என்கிறார்.’

"அடுத்த தடவ நானே பேசுறேன்" என்றாள். அதை அவன் மொழிபெயர்க்கவில்லை. அதிகாரியம்மாவைப் பார்த்துத் தன் நெஞ்சில் விரலைக் குத்திக் காட்டி அவளே புரிய வைத்தாள்.

தொழிற்சங்கக் கட்டடத்து மாடியில் சனிக்கிழமை மத்தியானம் பிரெஞ்சு வகுப்பு நடந்தது. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் பெண் வந்து எடுப்பாள். தமிழும் பேசுவாள் என்பதால் எல்லாருக்கும் அவள் டீச்சர்.

"எனக்கு மொழி வேணாம் டீச்சர். ஒரு வாக்கியம் போதும். பட்டன் வேல செஞ்சிருந்தா அவரு வெளிய வந்திருப்பாருன்னு சொல்லணும்."

டீச்சர் சாக்பீஸை எடுத்துப் பலகையில் நடுவே ஒரு கோடு இழுத்தாள்.

"இதுல ரெண்டு பாதி இருக்கு. ‘ஸி’ன்னா நம்ம ‘இருந்தா’. இந்தப் பக்கம் ‘ஸி’ போட்ட பாதி, நடக்காம போனது. அந்தப் பக்கம், அது நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்ங்கிறது. வந்திருப்பார்னு நாம ஒரே சொல்லுல முடிச்சிடுறோம். அவங்களுக்கு அது ரெண்டு துண்டு. முன்னாடி ஒரு துணை வினை, பின்னாடி முடிஞ்சுபோன வேலை. துணைக்கு வர்றது ரெண்டு பேரு. மூடுறது, குடுக்கிறது, சாப்பிடுறது, இப்படி முக்காவாசி வேலைக்கு ‘ஆவ்வார்’ துணை. மூடியிருப்பான்னா ‘ஓரெ ஃபெர்மே’. போறது, வர்றது, வெளியேறுறது, சாகுறதுக்கெல்லாம் ‘எத்ர்’..."

சாகுறது என்று சொன்னதும் டீச்சரின் கை நின்றது.

"சொல்லுங்க டீச்சர். அதுவும்தான வேணும்" என்றாள் அவள்.

"வெளிய வந்திருப்பார், ‘ஸெரெ ஸோர்த்தி’. செத்திருக்க மாட்டார், ‘ந ஸெரெ பா மோர்’." டீச்சர் பலகையைப் பார்த்தபடியே சொன்னாள். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. ஓரெ, ஸெரெ எல்லாம் அந்தப் பாதிக்குத்தான். ஸி போட்ட பாதியில வரவே கூடாது. அங்க ‘அவே’. எல்லாரும் வழுக்கி விழுற இடம் அதுதான்."

பின் பெஞ்சிலிருந்து ஓட்டல் சமையல்காரர் கை தூக்கினார். "டீச்சர், நான் பணக்கார வீட்ல பொறந்திருந்தா இந்த மாடிப்படி ஏறியிருக்க மாட்டேன்."

"அதையே பிரெஞ்சுல சொல்லுங்க."

"அதுக்குத்தான் பணக்கார வீட்ல பொறந்திருக்கணும்."

வகுப்பு சிரித்தது. தாலியறுத்தவள் ஒருத்தி முன்னால் இருக்கிறாள் என்று யாருக்கோ நினைவு வந்து சிரிப்பு பாதியில் அறுந்தது. அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

சாயங்காலங்களில் ஒல்லி வந்து சொல்லிக் கொடுத்தான். கிடங்கில் அவள் புருஷனோடு ஒரே கூட்டத்தில் வேலை செய்தவன். கூடப் பிறக்காத குறைதான். அவளை வாய் நிறைய அண்ணி என்பான். பிரெஞ்சு வகுப்புக்கு அவளுக்கு முன்னாலிருந்தே போகிறவன். இழவு வீட்டிலிருந்து இன்றுவரை அவள் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஸி லெ புத்தோன் ஓரெ..."

"அவே, அண்ணி. ‘ஸி லெ புத்தோன் அவே மார்ஷே.’ பட்டன் வேல செஞ்சிருந்தா."

"வாய் தன்னால அங்க போகுதுடா."

"வாயக் கட்டுங்க."

"உங்கண்ணன் இருந்தப்பவே கட்டல."

அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். வாக்கியம் பிடிபட்டதும் கை அரித்தது. வேறு ‘ஸி’க்களைக் கோர்த்துப் பார்த்தாள். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் வந்திருந்தால். பஸ் தவறியிருந்தால். காலையில் அவள் வம்புக்கிழுத்துச் சண்டை போட்டு வேலைக்குப் போகவிடாமல் செய்திருந்தால். எதைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாலும் பின்பாதி ஒன்றுதான். இல் ஸெரெ ஸோர்த்தி. வெளியே வந்திருப்பார். ஒவ்வொரு தடவையும் அவர் வெளியே வந்தார், உடம்பில் மீன் வாடையோடு.

"கையுறைய மாட்டியிருந்தா, அதுக்கு எப்படிடா?"

"அது வேணாம் அண்ணி. அது கம்பெனிக்காரன் சொல்ற வாக்கியம்."

"ஏன் மாட்டல அவரு? மறக்கிற ஆளா? வீட்டப் பூட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் போயி, திரும்ப வந்து பூட்ட இழுத்துப் பாக்கிற மனுஷன்."

ஒல்லி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒவ்வொரு சொல்லாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலச் சொன்னான்.

"ஸில் ந மாவே பா தொனே ஸோன் காந், இல் ஸெரெ ஸோர்த்தி."

பாடம்தான் நடத்துகிறான் என்று அவள் சொற்களைப் பிரித்தாள். தொனே, கொடுத்தது. காந், கையுறை. ஸோன், அவருடையது. மா என்றால் எனக்கு. அவர் தன் கையுறையை எனக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால், வெளியே வந்திருப்பார்.

மடித்த சட்டை கையிலேயே நின்றது.

"தமிழ்ல சொல்லு."

"முடியல அண்ணி. அதான் இப்படி..."

"சொல்லுடா."

சொன்னான். லாரியில் ஐஸ் பெட்டி ஏற்றும்போது அவனுடைய வலது கையுறை கிழிந்து தொங்கியது. இடுப்பில் செருகியிருந்த பழையது இடது கைக்கானது. புதுசு கேட்டதற்கு சூப்பர்வைசர் ஏசினான். விரல் செத்துப்போய்ப் பெட்டி நழுவியது. அண்ணன் இடுப்பிலிருந்த பழைய கையுறையை உருவி அவன் மேல் எறிந்தார். ‘போட்டுக்கடா. உள்ள கடைசி வரிசை ஒண்ணுதான் அடுக்கணும், இந்தா வந்திடுறேன்’ என்று உள்ளே போனார். லாரி ஏற்றி முடிந்ததும் எல்லாரும் கலைந்தார்கள். அண்ணன் முன்னாலேயே கிளம்பிவிட்டார் என்று அவன் நினைத்துக்கொண்டான். கைப்பிடியில் கையுறை இல்லையே.

"மாசக் கடைசியில என் ஒப்பந்தம் முடியுது. நீட்டிக்கிறது அந்த சூப்பர்வைசர்தான். நான் வாயத் தொறந்தா என்னையக் கொலகாரனாக்கி வெளிய தள்ளிடுவானுங்க." மூக்கைப் புறங்கையால் துடைத்தான். "பட்டன மட்டும் சொல்லுங்க அண்ணி. அது பொய் இல்லையே."

"பொய் இல்ல" என்றாள். சட்டையை மடித்து முடித்து அடுக்கின் மேல் வைத்தாள். "நீ கிளம்பு."

அதன் பிறகு அவன் வரவில்லை. அவள் தனியாகவே சொல்லிப் பழகினாள்.

விசாரணை நாளன்று கூடத்தின் பின்வரிசையில் கிடங்கு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒல்லியும் இருந்தான். அவள் எழுந்தாள். நாக்கு ‘ஓரெ’ பக்கம் போகப் பார்த்தது, இழுத்துப் பிடித்தாள்.

"ஸி லெ புத்தோன் அவே மார்ஷே, இல் ஸெரெ ஸோர்த்தி."

அதிகாரியம்மா எழுதிக்கொண்டாள். மொழிபெயர்ப்பவன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வக்கீல் அலுப்போடு எழுந்தான். பட்டன் ஒரு பக்கம் இருக்கட்டும் என்றான். எல்லாத் தொழிலாளிகளும் கையுறையை மாட்டினார்கள், இவர் மாட்டவில்லை. மாட்டியிருந்தால் கதவு மூடப்பட்டிருக்காது, உயிரும் போயிருக்காது. அவள் படாத பாடு பட்டுப் பிடித்த அதே வினையை அவன் பல்லைக் குத்திக்கொண்டு சொல்வது போலச் சொன்னான்.

"ஏன் மாட்டவில்லை, தெரியுமா?" அதிகாரியம்மா அவளிடம் மெதுவாகக் கேட்டாள்.

தெரியும். சொல்லாவிட்டால் புருஷன் பெயருக்குப் பக்கத்தில் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிடுவார்கள். பட்டனும் அப்படியே கிடக்கும். சொன்னால் பின்வரிசையில் இருக்கிற ஒருவனின் பிழைப்பு போகும்.

"கொடுத்துவிட்டார்" என்றாள் பிரெஞ்சில்.

"யாருக்கு?"

"கை விறைத்தவனுக்கு" என்று சொல்ல வேண்டும். விறைப்பதற்குச் சொல் தெரியவில்லை. தன் விரல்களை மடக்கிக் காட்டி, "குளிர்" என்றாள்.

"பெயர்?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். திரும்பியும் பார்க்கவில்லை. வக்கீல் கைகளை விரித்துக் காட்டினான்: பெயரில்லாத ஆளுக்குக் கொடுத்தாராம். யாரோ இருமினார்கள். அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைக்கப் போனாள்.

பின்னால் நாற்காலி தரையில் உரசியது.

"என்கிட்ட இருந்துச்சு" என்றான் ஒல்லி, தமிழில். பிறகு பிரெஞ்சில். "கையுறை என்னிடம் இருந்தது. என்னுடையது கிழிந்திருந்தது. புதியது கேட்டேன், தரவில்லை. அவர் தந்தார்."

வக்கீல் பக்கத்தில் இருந்த சூப்பர்வைசர் திரும்பி அவன் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டான். வக்கீலுக்கு அலுப்பெல்லாம் போய்விட்டது.

"அப்படியானால் நீ வாங்காமல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். சரிதானே?"



"ஆமாம்" என்றான் ஒல்லி.

அவன் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் அவள் திரும்பி, அந்த மாலைக்குப் பிறகு முதல் தடவையாக அவனைப் பார்த்தாள்.

"பட்டனையும் சொல்லுடா" என்றாள். "எத்தன பேரு போயிச் சொன்னீங்க, யாருகிட்டச் சொன்னீங்க, அவன் என்ன சொன்னான், எல்லாத்தையும் சொல்லு."

மொழிபெயர்ப்பவன் வாயைத் திறந்தான். அதிகாரியம்மா கையைக் காட்டி அவனை அமர்த்திவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். ஒல்லியை முன்னால் வரச் சொன்னாள். அவன் ஆரம்பித்த வேகத்துக்கு அதிகாரியம்மாவால் எழுத முடியவில்லை. கொஞ்சம் நிதானமாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டாள்.