தோமையார் கல்

வாயில் வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு நின்றேன். எங்கள் மாதா கோயிலின் பீடத்துக்கு முன்னால், கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்புப் பட்டு விரித்து ஒரு கருங்கல்லை வைத்திருந்தார்கள். முழ நீளம், நடுவில் செதுக்கிய சிலுவை. மேலே பிளெக்ஸ் பேனர்: ‘முதல் நூற்றாண்டு தோமையார் சிலுவை.’

“ஏசுவோட சீடர் தோமையார் மயிலாப்பூருக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம செஞ்சி வழியாத்தான் வந்திருக்காரு. இதோ ஆதாரம்,” என்றார் கோயில் கமிட்டித் தலைவர் ஞானப்பிரகாசம். “கோட்டையப் பாக்க எவ்ளோ கூட்டம் வருது, இனிமே இங்கயும் வரும். நீ தொல்லியல் படிச்சிட்டு அகழாய்வுல வேலை பாக்குற பொண்ணு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் மைக்குல ரெண்டு வார்த்த சொல்லிடும்மா பாரதி.”

“எங்க கெடச்சுது?”

“புதுப் பாதைக்கு ஜேசிபி வுட்டமே, அங்கதான்.”

புதுப் பாதை எங்கள் காலனிக் கல்லறையின் ஓரத்தைத் தின்றுதான் போகிறது. எங்கள் ஊரில் ஆண்டவர் ஒருவர்தான். கல்லறை மட்டும் இரண்டு, ஊர்த்தெருவுக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று, நடுவில் ஆளுயரச் சுவர். மண்ணோடு எலும்பு வந்ததா என்று எவனும் குனிந்து பார்க்கவில்லை. கல்லில் சிலுவை தெரிந்ததும் விழுந்தடித்துக்கொண்டு குனிந்திருக்கிறார்கள். தூ!

பெட்டியைத் திறக்கச் சொல்லி, சிலுவையின் பள்ளத்தைக் குண்டூசியால் சுரண்டினேன். ஆசிட் ஊற்றிக் கழுவியும் மூலையில் மிச்சம் ஒட்டியிருந்தது. ஒரு வெள்ளைப் படலம், அதன்மேல் இன்னொன்று, அதன்மேலும் ஒன்று. எல்லாவற்றிலும் லேசான நீலம். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் சுண்ணாம்பில் சொட்டு நீலம் கலந்து கல்லறைக்கு அடிப்போம், வருஷத்துக்கு ஒரு பூச்சு. ஊர்த்தெருக்காரர்களின் கல்லறையெல்லாம் கிரானைட். அவர்களுக்கு இந்தச் சுண்ணாம்பைத் தெரியாது. “பழங்காலத்துச் சாந்து!” என்று ஞானப்பிரகாசம் பூரித்துப்போனார்.

சிலுவையின் இடக்கை வலக்கையைவிட நீளமாக இருந்தது. யாருடைய கல் என்று உடனே தெரிந்துவிட்டது. அம்மாக்கண்ணு பெரியம்மாவின் ஒரே மகள் அடைக்கலமேரி டெங்குவில் செத்தபோது, குவாரியில் ஜல்லி உடைக்கும் பெரியம்மா தானே உளி பிடித்து வெட்டிய சிலுவை அது. பெயர் வெட்ட அவளுக்கு எழுத்து தெரியாது. அந்தப் பிணத்தை ஊர்த்தெரு வழியாக விடாமல், சேற்று வயலில் இறக்கிச் சுற்றவைத்தவர் இதே ஞானப்பிரகாசம்தான்.

நேரே பெரியம்மா வீட்டுக்குப் போனேன்.

“தெரியும்டி,” என்றாள். “மொத நாளே தெரியும்.”

“தெரிஞ்சுமா சும்மா இருக்குற? ஞாயித்துக்கெழம மைக்குல அந்தாளு மானத்த வாங்குறேன் பாரு.”

“வாய மூடு. எம்பொண்ணு பொணத்தத் தெருவுல வுடாதவன் இன்னைக்கு அவ கல்லு முன்னால முட்டி போடுறான். அவன் பொண்டாட்டி முத்தங் குடுக்குறா. நீ உண்மையச் சொன்னா இன்னா ஆவும்? தூக்கிக் குப்பையில போடுவானுங்க. மேரி கோயில்லியே இருக்கட்டும்டி. எனக்கு அது போதும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய்க்கு முன்னால் முட்டி போடுவது ஒரு ஜெபமா? ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து மறுத்துப் பேச முடியவில்லை. சரி, வாயைத் திறக்க மாட்டேன் என்று ஒத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, தொண்டை சரியில்லை என்று ஞானப்பிரகாசத்திடம் சாக்குச் சொல்லிவிட்டுப் பீடத்தின் ஓரமாக நின்றேன். பூசை முடிந்ததும் கல்லைத் தொட வரிசை கட்டினார்கள். ஊர்த்தெரு முதலில், காலனி கடைசியில், வழக்கம்போல. ஞானப்பிரகாசத்தின் மனைவி கண்ணீர் வழிய அந்தச் சிலுவையில் உதட்டைப் பதித்தாள். அம்மாக்கண்ணு பெரியம்மாவின் முறை வந்தபோது ஞானப்பிரகாசம் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

“நீங்கள்லாம் தொட வேணாம். வெளிய நின்னு கும்புட்டுட்டுப் போங்க.”

பெரியம்மா நகரவில்லை. “தொறங்க,” என்றாள்.

“சொன்னா கேளு. இது புனிதப் பொருளு.”

“இன்னாடா புனிதம்? எம்பொண்ணு மேரி கல்லுடா அது! நான் வெட்டுனது. நீ அவ குழியத் தோண்டித் திருடுனது!”

ஞானப்பிரகாசம் மைக்கை என் கையில் திணித்தார். “இந்தப் பைத்தியத்துக்கு நீயே எடுத்துச் சொல்லும்மா.”

“அவங்க சொல்றது உண்மை,” என்றேன். “எங்க காலனிக் கல்லறைக் கல்லு இது. வருசா வருசம் அவங்க அடிச்ச சுண்ணாம்பு இன்னும் பள்ளத்துல இருக்குது. நீங்க கேட்ட ஆதாரம் இதான்.”

ஒருவரும் தலை குனியவில்லை. அந்தக் குழியை மூடினார்களா என்று கேட்க ஒரு நாதியில்லை. முன்வரிசையில் ஞானப்பிரகாசத்தின் மனைவி முந்தானையை இழுத்து, சற்றுமுன் சிலுவையை முத்தமிட்ட வாயை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். பெரியம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.