கொன்சிக்கின் பனிக்கால மந்தை

கொன்சிக்கின் குதிரைகள் செத்த மறுநாள் மாலை, வழக்கம்போலப் பட்டி வாசலில் வந்து நின்று புல் கேட்டன. முன்னால் பொலிகுதிரை, அதன் பின்னால் பெட்டைகள், கடைசியில் குட்டிகள். பிடரிகளில் பனிக்கட்டி தொங்கியது. மூச்சில் ஆவி இல்லை. கொன்சிக் ஓடைப் பள்ளத்துக்குப் போய்ப் பார்த்தான். எல்லாம் விழுந்த இடத்திலேயே விறைத்துக் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தான். அதே குதிரைகள் வாசலிலும் நின்றன. அவன் மனைவி கந்த்மா காய்ந்த சாணத்தை அடுப்பில் தள்ளிக்கொண்டே, "கேக்குதுல்ல, போடுங்க," என்றாள்.

அந்த வருடம் எங்கள் பள்ளத்தாக்கில் புல்லுக்குக் குறைவில்லை. கோடை முழுக்க இருவரும் ஆற்றோரம் புல்லறுத்து, காயவைத்து, கூடாரத்தைவிட உயரமாகப் போர் போட்டிருந்தார்கள். தவிட்டு மூட்டைகள் இருந்தன, குதிரைகள் நக்க ஏரிக்கரை உப்புமண்ணும் இருந்தது. நடுக்குளிரில் ஒரு நாள் வெயில் ஏமாற்றியது. பனி இளகி, அன்று மாலையே இறுகி, மேய்ச்சல் நிலம் கண்ணாடி பதித்ததுபோல் மூடிக்கொண்டது. குதிரைகள் குளம்பால் கொத்திக் கொத்தி, பனியெல்லாம் ரத்தப் புள்ளி. அன்றே போரைப் பிரிக்கச் சொன்னாள் கந்த்மா. கொன்சிக் மறுத்தான். அவன் கெட்டவன் இல்லை. அவனுடைய அப்பா கையிருப்பையெல்லாம் முன்குளிரிலேயே போட்டுத் தீர்த்துவிட்டு, வசந்தம் எட்டிப் பார்க்கும் நேரத்தில் மந்தையைப் பறிகொடுத்தவர். அந்தப் பயம் மகனுக்கு எலும்பில் ஊறியிருந்தது.

"இப்பவே அள்ளிப் போட்டா, வெள்ளை மாசம் போனப்புறம் என் தலையையா போடுவ? அப்பதான் நிஜக் குளிரு."

"இப்ப சதை போச்சுன்னா, அப்புறம் மலையளவு போட்டாலும் ஒட்டாதுங்க."

"எங்க போச்சு? பாரு, கொழுகொழுன்னு நிக்குது."

"அது முடிங்க. கையை உள்ள விட்டு விலாவைத் தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்க்கக் கையுறையைக் கழற்ற வேண்டும். கொன்சிக் கழற்றவில்லை. கந்த்மா அவனுக்குத் தெரியாமல் போரிலிருந்து உருவி உருவிப் போட்டாள். அவன் கண்டுபிடித்து, போரைச் சுற்றிக் கயிறு இழுத்துக் கட்டி, முடிச்சுகளில் தண்ணீர் ஊற்றி உறையவிட்டான். புத்தாண்டு பிறக்கும் வெள்ளை மாதம் வந்தது. ஊரெல்லாம் புத்தாடை உடுத்திப் பெரியவர்களின் முழங்கையைத் தாங்கி வணங்கியது. அது முடிந்த கையோடு பனிப்புயல் அடித்தது.

புயல் ஓய்ந்த காலையில் கொன்சிக் கோடரியால் கயிற்றை வெட்டினான். முடிச்சு அவிழவில்லை. ஓடைப் பள்ளத்தில் செம்பழுப்புப் பெட்டை ஒன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது. அதன் முன்னால் கை கையாகப் புல்லைக் கொட்டினான். தவிட்டை வெந்நீரில் பிசைந்து ஊட்டினான். காலிக் குடல் அதைத் தாங்கவில்லை. வயிறு உப்பி, கால் மடிந்து, வாயில் புல்லோடு அது செத்தது.

மறுநாளிலிருந்து செத்த குதிரைகள் தினமும் மாலையில் வந்தன. நாய் குரைக்கவில்லை. போர் நிஜமாகவே குறைந்தது. சாணி மட்டும் விழவில்லை. கொன்சிக் இப்போது கையுறை போடுவதையே விட்டுவிட்டான். ஒவ்வொன்றின் விலாவிலும் கைவிட்டுப் பார்ப்பான். எலும்பும் குளிரும்தான் கையில் படும். பசும்புல் முளைத்ததும் காணாமல் போய், முதல் பனி விழுந்ததும் திரும்பி வந்தன. அதனால் அடுத்த கோடையிலும் அவன் அறுத்தான், அதற்கடுத்த கோடையிலும் அறுத்தான். முதலில் ஊர் சிரித்தது. பிறகு பழகிக்கொண்டது. அவன் கூடாரத்துக்கு வருகிறவர்கள் தங்கள் குதிரையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்கள், பொலிகுதிரை கடிக்கும் என்று. வட்டாரக் கால்நடை மருத்துவர் ஒருமுறை வந்தார்.

"அண்ணே, ரொம்ப இளைச்சிருக்கே. பூச்சி மருந்து குடுத்தீங்களா?"

"இதெல்லாம் செத்ததுங்க தம்பி."

"அது தெரியுது. பல்லைப் பாத்தீங்களான்னு கேக்குறேன்."

பல் நன்றாகவே இருந்தது. தவிட்டைக் கூட்டச் சொல்லிவிட்டு, உப்புத் தேநீர் குடித்துவிட்டுப் போனார். கொன்சிக் கூட்டினான். ஒன்றும் தேறவில்லை.

சில வருடம் கழித்து, கந்த்மாவின் அண்ணன் தங்கைக்கு உயிருள்ள பெட்டைக் குதிரை ஒன்றைக் கொடுத்தார். சினைக் குதிரை. அந்தக் குளிரும் நிலத்தைப் பூட்டியது. கந்த்மா தினமும் அதன் விலாவைத் தடவிப் பார்த்தாள். ஒரு நாள் விரலில் எலும்பு தட்டியது. போரிடம் போனாள். கொன்சிக் குறுக்கே நின்றான்.

"இதுகளுக்கே பத்தல."

"இதுகளுக்கு என்னைக்குங்க பத்தியிருக்கு? இது வயித்துல குட்டியோட நிக்குது."

"பட்டினி போட்டுக் கொன்னவன் நான். மறுபடி எப்படிப் பட்டினி போடுவேன்?"

"அன்னைக்கும் உங்க பயத்துக்குத்தான் புல்லு போச்சு. இன்னைக்கும் அதுக்குத்தான் போகுது. குதிரைக்குன்னு நீங்க எப்ப போட்டீங்க?"

கொன்சிக் போரை விட்டு விலகவில்லை. கந்த்மா சேணம்கூடப் போடாமல், தன் போர்வையை அந்தப் பெட்டையின் முதுகில் கட்டி, கையில் பிடித்துக்கொண்டு நடந்தே கணவாயைத் தாண்டி அண்ணன் பட்டிக்குப் போய்ச் சேர்ந்தாள். அவன் பின்னால் வரவில்லை. புல் போடும் நேரம் அது. வசந்தத்தில் பெட்டை நல்ல குட்டி போட்டது. செய்தி கேட்ட அன்று கொன்சிக் பட்டி வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதான் என்று சொல்கிறார்கள். எழுந்து போய்ப் புல்லறுக்கும் அரிவாளைத் தீட்டினான் என்றும் சொல்கிறார்கள்.

அவன் ஒரு பின்பனிக் காலத்தில், போர் காலியான வாரத்தில் செத்தான். கடைசியில் தன் உணவுக்கென வைத்திருந்த மாவையும் தண்ணீரில் கரைத்து அவற்றுக்கே ஊற்றியிருந்தான். அந்த ஆண்டு முதல் பனி விழுந்ததும் மந்தை கணவாயைத் தாண்டிக் கந்த்மாவிடம் வந்தது.

அண்ணன் வெளியே எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, உன் வீட்டுக்காரரும் கூட வந்திருக்காரு."

"பாத்தேன் அண்ணே. முதல்ல நம்ம குதிரைங்களுக்குப் போட்டு முடிக்கிறேன்."

உயிருள்ளவற்றுக்கு வயிறு நிறையப் போட்டாள். பிறகு மிச்சத்தை வாரி செத்தவற்றின் முன்னால் உதறினாள். அவை முட்டி மோதித் தின்றன. எல்லாவற்றுக்கும் பின்னால் நின்ற கொன்சிக், அங்கியின் மார்பு மடிப்பிலிருந்து தன் கிண்ணத்தை எடுத்து நீட்டினான். கந்த்மா உள்ளே போய்ப் பானையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஒண்ணும் இல்லைங்க. நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே வாங்க."

மறுநாள் முன்னாடியே வந்தான். ஆனாலும் வரிசை மாறவில்லை. முதலில் உயிருள்ள குதிரை, அப்புறம் செத்த குதிரை, ஏதாவது மிஞ்சினால் அவன். அவனும் குறை சொன்னதில்லை. கந்த்மாவுக்குத் தலை நரைத்துவிட்டது. இந்த வருடம் பனி சீக்கிரம் இறங்கியது. மந்தையும் அவனும் வந்துவிட்டார்கள்.